வள்ளத்துக்குத் துணி எடுத்த கதை

திருத்தங்கலில் எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். வள்ளம், அதாவது சின்னப் படகு, வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடி பஸ் ஏற வேண்டும். ஆறு என்று பக்கத்தில் ஒன்று ஓடுவதாகப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் வீட்டு வாசலில் வள்ளம் நின்றால், போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று விசாரிக்கத்தான் செய்வார்கள். பதில் சொல்லிச் சொல்லியே என் குணம் கெட்டுப்போயிற்று. அதற்கு முன்னாலும் அது அப்படியொன்றும் தங்கமான குணமில்லை என்பது என் மனைவியின் கட்சி.

வள்ளம் அவளுடையது. அவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. நர்ஸ் வேலைக்குச் சிவகாசி வந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். போன வருஷம் அவள் அப்பா காலமானார். அண்ணன்மார் கூடிப் பேசி வீடு இவருக்கு, மனை அவருக்கு என்று பிரித்துவிட்டு, உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்டார்கள். எனக்கு அப்பாவோட சின்ன வள்ளம் போதும் என்று சொல்லிவிட்டாள். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது அவர் அவளை முன்னால் உட்காரவைத்து ஓட்டிப்போன மர வள்ளம் அது. அடுத்தவர் துக்க வீட்டில் வைத்துக் கணக்குப் பார்ப்பவன் இல்லை நான். ஆனாலும் அதை எங்கே வைப்பது என்று மனசு அளந்துகொண்டேதான் இருந்தது.

குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லோடு வண்டியில் வள்ளத்தை ஏற்றினோம். பாதிதான் வண்டிக்குள் அடங்கியது. மீதி பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதன் மூக்கில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்தோம். எங்கள் பக்கம் வழியில் மறிக்கிற போலீஸ்காரர்கள் வெடி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மறித்தவர் வள்ளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்து உள்ளே பார்த்தார், கடைசியில் இதை எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். ஆனைக்குட்டம் அணை நிறையும்போது என்றாள் என் மனைவி. அவர் வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, போங்க என்று வழிவிட்டார்.

அவள் கேட்டது அவ்வளவுதான். அணையில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் எங்களுக்குத் தெரிந்தவர். தண்ணீர் வந்தால் தாராளமாக ஒரு நாள் இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். மழை ஐப்பசியில் வரலாம், கார்த்திகையில் வரலாம், வராமலும் போகலாம். அதுவரை அந்த வள்ளம் கெடாமல் இருக்க வேண்டும். சாக்குமூட்டைகளுக்கு மேலே அதை நிமிர்த்தி உட்காரவைத்தோம். கவிழ்த்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அப்பா இருந்தவரை அதைக் கவிழ்த்ததே இல்லை, நான் கவிழ்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"நல்ல துணியாப் பாத்து மூடி வைங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

கல்யாணமான நாள் முதல் அவள் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. நகை கேட்டதில்லை, டூர் கேட்டதில்லை. கேட்ட ஒன்றும் என் தொழிலுக்குள் வந்து விழுந்திருக்கிறது என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். எங்கள் பிழைப்பே ஈரம் படாமல் காப்பதுதான். மருந்தில் ஈரம் ஏறினால் வெடி வெடிக்காது. சில மருந்து ஈரம் பட்டால் தானாகவே சூடேறி ஆளைக் கொல்லும். மற்ற ஊரில் மேகம் கூடினால் சந்தோஷப்படுவார்கள், நாங்கள் காயப்போட்டதை அள்ளிக்கொண்டு ஓடுவோம். ஈரத்தைப் பற்றி எனக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இதை நீ என்கிட்ட விட்டுரு, உள்ளே ஒரு பொட்டு ஈரம் இறங்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். அன்றைக்கு அதைச் சொல்லி முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் துணி காசில்லாமல் வந்தது. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் அச்சகம். பிளக்ஸ் அடிக்கும் சிநேகிதர் ஒருவர், தேதி மாறி அடித்துவிட்ட கல்யாண பேனர் ஒன்றை என் தலையில் கட்டினார். மழைக்கு அசையாது என்றார். விரித்துக் கட்டிப் பார்த்தால் வள்ளம் முழுக்க மாப்பிள்ளையும் பெண்ணும் தெருவைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். சிலிண்டர் போட வந்தவர் வீட்டில் விசேஷமா என்று கேட்டார். பால்காரர் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், தனக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் அச்சகத்தில்தான் வேலை பார்க்கிறார். பேனரைப் படித்துப் பார்த்திருக்கலாம்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, பிளக்ஸின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவிட்டேன். அடிப்பலகை ஈரமாக இருந்தது. சும்மா பிசுபிசுப்பு இல்லை, கை நனைகிற ஈரம். மழை பெய்து மாசக்கணக்காகிறது. கொஞ்ச நேரம் யோசித்தேன், விஷயம் பிடிபட்டுவிட்டது. பிளக்ஸுக்குக் காற்று போக்குவரத்துக் கிடையாது. வெயிலில் உள்ளே புழுங்கி வேர்த்திருக்கிறது. எதற்கும் காரணம் கண்டுபிடித்துவிடுகிற மூளை எனக்கு, அதுதான் என் கஷ்டம்.

அவள் வர எட்டு மணியாகும். அதற்குள் பழைய பனியன் துணியை எடுத்துத் துளி விடாமல் துடைத்து, ஒன்றும் நடக்காததுபோல மூடிக் கட்டிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அப்பாவின் நினைவாக அவளுக்கு இருப்பது அது ஒன்று. அதற்குள் ஈரம் இறங்குகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாளும் ஈரம். அதற்கடுத்த நாளும் ஈரம். துடைத்த துணியைக் கொடியில் காயப்போட வேண்டியிருந்தது. எதைத் துடைத்தீர்கள் என்று கேட்டாள், பைக்கை என்றேன். சொல்லிவிட்ட குற்றத்துக்காக நிஜமாகவே பைக்கையும் தினமும் துடைக்க வேண்டியதாயிற்று. இந்த வயதில் இப்படி ஒரு சுத்தமா என்று அவள் ஆச்சரியப்பட்டாள். இன்னொன்றும் கவனித்தேன். வள்ளத்தின் பின்பக்கத்துக் கயிற்று முடிச்சு, நான் போடுகிற முடிச்சைவிட அழகாக, அசைந்துகொடுக்காமல் இருந்தது. பழகப் பழக நமக்கும் கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிளக்ஸை எறிந்துவிட்டுச் சிவகாசியில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நீல பிளாஸ்டிக் பாயைக் காட்டினார். ரெக்சின் மாதிரி பூச்சுப் பூசிய கெட்டித் துணி ஒன்றைக் காட்டினார். அதற்குப் பிறகு மெழுகு பூசிய பருத்திக் கித்தானைக் காட்டினார். நான் துணி பார்க்கும் விதமே வேறு. கம்பெனி கேட்டில் நின்று, நைலான் கலந்த சட்டையோடு வருகிறவனைத் திருப்பி அனுப்புவது என் வேலை. நைலான் உடம்பில் உரசினால் பொறி பறக்கும். எங்களுக்குப் பொறி ஒன்று போதும். அதனால் ஒவ்வொரு துணியையும் முழங்கையில் தேய்த்து ரோமம் எழும்புகிறதா என்று பார்த்தேன். பிறகு வாசலுக்குப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்தினேன். பூச்சுத் துணியின் நூல் சுருண்டு உருகிச் சொட்டியது. அதை அப்போதே தள்ளிவிட்டேன். கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க வள்ளத்துக்குத்தானே கேட்டீக? வெடிக்கு இல்லையே?" என்றார்.

துணி என்றால் எதற்கும் ஒன்றுதான் என்று சொல்லிப் பருத்திக் கித்தானையே எடுத்தேன். காற்றும் போகும், பொறியும் பறக்காது. அவர் வந்து அளவெடுத்தார். லாரிக்கே தைத்துப் பழகியவர், லோடு எம்புட்டு உயரம் வரும் என்று கேட்டார். லோடே கிடையாது, காலி வள்ளம் என்றேன். அப்படியானால் நடுவில் தொய்ந்துவிடும் என்று மூங்கிலை வளைத்துக் குறுக்கே கொடுத்து, மாட்டுவண்டிக் கூண்டு மாதிரி கூரை எடுத்துத் தைத்துத் தந்தார். பார்க்க அம்சமாக இருந்தது. என் மனைவி கித்தானைத் தடவிப் பார்த்து, உள்ளே நல்லா நிழலா இருக்கும் என்றாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

மறுநாள் சாயங்காலம் கையை விட்டேன். ஈரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வள்ளத்தை ஒரு உதை உதைத்தேன், கால்தான் வலித்தது. பருத்தி இரவுப் பனியைக் குடித்து உள்ளே கக்குகிறது என்று புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். திருத்தங்கலில் ஆடி மாசத்தில் பனி எங்கிருந்து வரும் என்று யாராவது கேட்டிருந்தால் அடித்தேயிருப்பேன்.

இதற்கு நடுவில் அவளும் ஒரு மாதிரியாகிவிட்டாள். டியூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வள்ளத்துப் பக்கம் போவாள். திரும்பி வரும்போது முகம் வாடியிருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அப்பா ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இந்த நேரத்தில் வள்ளம் உளுத்துப்போகிறது என்று தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று, நான் இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

கடைசியாக ஒரு யோசனை வந்தது. வெள்ளையடிக்க வாங்கிய சுட்ட சுண்ணாம்புக் கல் வீட்டில் மிச்சம் இருந்தது. காற்றில் இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கல்லைச் சின்னச் சின்ன முடிச்சாகத் துணியில் கட்டி, மரத்தில் பட்டுவிடக் கூடாதென்று தகரத் தட்டுகளில் வைத்து, அவள் தூங்கிய பிறகு வள்ளத்துக்குள் வரிசையாக அடுக்கினேன். இனி ஈரம் எப்படி வருகிறது பார்க்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு படுத்தேன். நெடுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

காலையில் தெருமுனையில் கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பக்கமிருந்து புகை எழும்பியது. வெள்ளையாக, குபுகுபுவென்று, கித்தான் கூரையின் இரண்டு பக்கமும் வந்தது. மற்ற ஊராக இருந்தால் நாலு பேர் வாளியோடு ஓடிவந்திருப்பார்கள். எங்கள் தெருவில் பட்டாசு வேலைக்கு ஒருத்தராவது போகாத வீடு இல்லை. புகை தெரிந்த நிமிஷத்தில் அத்தனை வீட்டுக் கதவும் திறந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எல்லாரும் என்னைத் தாண்டி எதிர்த்திசையில் ஓடினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கம் அப்படி. எதிர்வீட்டுக்காரர் மட்டும் ஓடுகிற ஓட்டத்தில் என்னிடம் கேட்டார்.

"போர்மேன், வள்ளத்துக்குள்ள என்னத்தைப் பதுக்கி வச்சிருக்கீக?"

நான் வீட்டைப் பார்த்து ஓடினேன். ஓடும்போது சுண்ணாம்பெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் உள்ளே இருக்கிறாள் என்பது ஒன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் கம்பெனியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போல நான் ஒரு நாளும் பயந்ததில்லை.

அவள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். பின்பக்கத்துக் கயிறு அவிழ்ந்து கிடந்தது. இடுப்பில் பிளாஸ்டிக் குடம். பாதித் தண்ணீர் இருந்தது. வள்ளத்துக்குள் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் மேல் ஒன்றும் படவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. கையில் என்ன, எதற்குத் தண்ணீர் என்று கத்தினேன்.

"வள்ளத்துக்குத்தான். மரம் காஞ்சா பலகை சுருங்கி இடுக்கு விட்டுரும்ல? நீங்க வேலைக்குப் போன பெறகு தெனமும் ரெண்டு குடம் ஊத்துவேன். மரம் குடிச்சது போகக் கொஞ்சமாவது ஈரம் நிக்கணும். ராத்திரி வந்து பாத்தா பொட்டு ஈரம் இருக்காது. அடியில எங்கனயோ பொளந்துருச்சுன்னு நெனச்சேன். நீங்க அம்புட்டு ஆசையாத் துணி எடுத்துப் போட்டிருக்கீக. உங்ககிட்ட எப்படிச் சொல்ல?"

சொல்லிவிட்டு அழுதாள். நான் அப்படியே சாக்குமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பின்பக்கத்து முடிச்சு ஏன் அத்தனை அழகாக இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"பொளக்கல. நான்தான் தெனமும் தொடச்சேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கொடியில் கிடந்த பனியன் துணியைப் பார்த்தாள். பளபளவென்று நின்ற பைக்கைப் பார்த்தாள். அழுகையோடேயே சிரிக்க ஆரம்பித்தவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு முதலில் ரோஷமாக இருந்தது. ஆனாலும் வள்ளத்துக்கு ஒன்றுமில்லை என்று நினைத்ததும் நானும் சிரித்துவிட்டேன். அவள் மூடச் சொன்னது வெயிலுக்கு. நான் மூடியது மழைக்கு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் காலையில் ஊற்றியதை நான் மாலையில் துடைத்து, ஆளுக்கொரு பக்கம் மனசுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறோம்.

தெரு மெல்லத் திரும்பி வந்தது. எதிர்வீட்டுக்காரர் கித்தானுக்குள் தலையை நீட்டி, சுண்ணாம்புதானா என்று கேட்டார். வெறும் சுண்ணாம்புக்கா இவ்வளவு தூரம் ஓடினோம் என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் இருவருமாகத் தார்ப்பாய்க் கடைக்குப் போனோம். கித்தானின் உள்பக்கம் அதற்குள் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. அடியில் ஈரமும் மேலே வெயிலும் சேர்ந்தால் பருத்தி தாங்காது என்று அவள் சொன்னாள். மக்காத துணி வேண்டும். வெயிலைத் திருப்பியடிக்க வெளிர் நிறம் வேண்டும். தைக்கிற நூலும் பருத்தியாக இருக்கக் கூடாது. பின்னால் குடம் நுழைகிற அளவுக்கு ஒரு வாய் வேண்டும். கடைக்காரர் எடுத்து விரித்தது, நான் கொளுத்திப் பார்த்துத் தள்ளிய அதே பூச்சுத் துணி, சாம்பல் நிறத்தில். அச்சு அசல் நைலான் ஜாதி. கேட்டில் நின்று என் கையால் எத்தனை சட்டையைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! கடைக்காரர் தீப்பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டு, தையுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே தண்ணீர் ஊற்றினோம். காலையில் நான் ஒரு குடம், அவள் ஒரு குடம். தீபாவளி லோடெல்லாம் போய்த் தீர்ந்தபின், ஊரே கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் மழை வந்தது. விட்டு விட்டுப் பெய்து, ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் ஏறிவிட்டதாகக் குத்தகைக்காரர் போன் செய்தார். என் வாழ்க்கையில் மழைக்காக நான் சந்தோஷப்பட்டது அந்த வருஷந்தான். அதைக் கம்பெனியில் ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

குத்தகைக்காரரின் ஆட்கள் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. ஏறி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து துடுப்பை எடுத்தாள். முதல் இரண்டு வீச்சில் வள்ளம் ஒரு பக்கமாகத் திரும்பியது. மூன்றாவது வீச்சில் அவள் கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கரை பின்னால் போனது.

அடிப்பலகையில் ஒரு இடுக்கில் மட்டும் லேசாகத் தண்ணீர் கசிந்து என் கால் விரலை நனைத்தது. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பனியன் துணி இருந்தது. எதற்கு எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. குனிந்து துடைக்க ஆரம்பித்தேன்.

"விடுங்க. அந்தத் தண்ணி அதுக்கு வேணும்" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வள்ளத்தின் முன்பக்கத்தை, சிறுபிள்ளையில் அவள் உட்கார்ந்துவந்த அந்த இடத்தைப் பார்த்தபடி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த துணியை அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"இதையும் தொடைக்கணுமா? கிடக்கட்டும்" என்றாள்.

நான் துணியைப் பையில் வைத்துக்கொண்டேன்.